இருபத்துமூன்று காரணங்கள்

கொப்பிகளுக்கு உறை போட்டு முடிந்ததும் யதுர்ஷிகா அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். மேலே நீலப் பேனையை வைத்து, அடுக்கை அப்படியே தாயின் பக்கம் தள்ளினாள்.

“பெயர் எழுதித் தாங்கோ அம்மா. நாளைக்குப் பள்ளிக்கூடம் துவங்குது.”

ராஜினி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உமி எப்போதோ போய்விட்டது. இருந்தாலும் புடைத்தாள்.

“அப்பாட்டைக் குடு.”

“அப்பான்ர எழுத்து கோழி கிளறின மாதிரி. போன வருசம் நீங்கள் எழுதினதை ரீச்சர் வகுப்பு முழுக்கத் தூக்கிக் காட்டினவா.”

“இந்த வருசம் அப்பா எழுதட்டும்.”

விஜிதரன் முற்றத்தில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். மேசன் வேலை செய்பவன். சீமெந்து விலை ஏறிய நாளிலிருந்து கிழமையில் இரண்டு நாள் வேலை கிடைத்தாலே பெரிய விசயம். கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்து குந்தினான். நாக்கைப் பல்லிடையில் வைத்துக்கொண்டு எழுதினான். தூக்குக்குண்டு பிடிக்காமலே சுவரின் நேர் பார்க்கிற அந்தக் கண்ணுக்கு, ஒரு பெயரை ஒரே கோட்டில் நிறுத்த முடியவில்லை. கடைசி எழுத்து உறையின் ஓரத்தில் தொங்கியது.

யதுர்ஷிகா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, “பரவாயில்லை அப்பா” என்று பெரிய மனிசிபோலச் சொல்லி, மற்ற எட்டுக் கொப்பிகளையும் பெயரில்லாமலே பைக்குள் வைத்தாள்.

அந்தப் பரவாயில்லை விஜிதரனுக்குச் சொன்னதுதான். ஆனால் பட்டது ராஜினிக்கு.

இரண்டு மாதமாக அவள் பேனை தொடவில்லை. கிராமசேவகரிடம் கொடுக்கவேண்டிய படிவத்தைக்கூட விஜிதரனைக்கொண்டு நிரப்பி, கையெழுத்தை மட்டும் கண்ணை மூடினாற்போல் போட்டுக் கொடுத்தாள். பேனையைப் பிடித்தால் உள்ளங்கை வியர்த்தது.

அலுமாரியின் மேலிருந்த கைபேசி அடித்தது. ராஜினியும் விஜிதரனும் அதைப் பார்த்தார்கள். அது கஜனி, தொழிற்சாலையில் அவளோடு வேலை செய்தவள். அன்றைக்கு மூன்றாவது தடவை. அடித்து ஓய்ந்தது.

“புதன்கிழமை தொழில் அலுவலகத்தில விசாரணை. நீ போகாட்டில் அந்தப் பிள்ளையள் என்ன செய்யும்?” என்றான் விஜிதரன்.

“நான் போனால் மட்டும்?”

“நீதானே எழுதினனி. நீ சொன்னால்தானே அவையளுக்குத் தெரியும்.”

நீதானே எழுதினனி. அவன் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொற்கள் அவளுக்குள் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த குரலிலேயே கேட்டன. சுளகை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.

தைப்பொங்கல் முடிந்து இரண்டாம் கிழமை அது நடந்தது.

ராஜினி வேலை செய்தது வவுனியாப் பக்கம் இருந்த ஓர் ஆடைத் தொழிற்சாலையில். ஒன்பது வருசம். ஓமந்தையிலிருந்து உள்ளே போகிற அவளுடைய ஊருக்குக் காலை ஐந்தே முக்காலுக்குத் தொழிற்சாலை பஸ் வரும். தையல்காரியாகச் சேர்ந்தவள், நான்காம் வருசம் ஏழாம் லைனுக்கு லீடர் ஆனாள். லைன் என்பது இரண்டு வரிசை மெசின்கள். ஒரு முனையில் வெட்டிய துணி போனால் மறுமுனையில் முழுச் சட்டை வரும். அவளுக்குக் கீழே இருபத்தாறு பேர் இருந்தார்கள்.

அன்று மத்தியானம் ஏழாம் லைனை மட்டும் மெசின்களை நிறுத்திவிட்டுக் கன்ரீனுக்கு வரச் சொன்னார்கள். வெளிநாட்டு ஓடர்கள் இல்லை, நாட்டு நிலைமை எல்லாருக்கும் தெரியும்தானே என்று அதிகாரி ஒருவர் சொன்னார். அவர் மரியாதையாகவே பேசினார். பிறகு வெள்ளைப் பலகையில் ஒரு வசனத்தை எழுதிக் காட்டினார். ‘எனது சொந்த விருப்பத்தின் பேரில் பதவி விலகுகின்றேன்.’

“இதை ஒவ்வொருவரும் கைப்பட எழுத வேணும். காரணம் ஒண்டும் எழுத வேணும். எல்லாரும் ஒரே காரணத்தை எழுதக் கூடாது. இண்டைக்கே தந்தால் இந்த மாதச் சம்பளம் முழுசாக் கிடைக்கும்” என்றார்.

நான்கு பேர் தாங்களே எழுதினார்கள். மற்றவர்கள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுதத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அப்படி ஒரு கடிதத்தை எப்படித் தொடங்குவது, இல்லாத காரணத்தை எங்கேயிருந்து எடுப்பது? ஒருத்தி முதலில் வந்தாள். “ராஜினி அக்கா, நீங்கள் எழுதித் தாங்கோ. உங்கட எழுத்து வடிவு.” அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது.

ராஜினி எழுதினாள். இருபத்திரண்டு பேருக்கு.

எழுதுவது அவளுக்குப் புதிதல்ல. அவளுடைய தகப்பன் ஆண்டியப்பன் மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, எழுபத்தேழுக் கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்தவர். கைநாட்டுப் போட்டே வாழ்நாளை முடித்தவர். “எழுத்து நல்லா இருந்தா எவனும் நம்மள ஏமாத்த முடியாதும்மா” என்று சொல்லிச் சொல்லி அவளை எழுத வைத்தார். போர் முடிந்து, இருபது வயதில் முகாமில் இருந்தபோது, கூடாரத்து வாசலில் குந்தி, பிள்ளையைத் தேடுகிறவர்களுக்கும் புருசனைத் தேடுகிறவர்களுக்கும் நூற்றுக்கணக்கில் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவள் அறிய ஒன்றுக்கும் பதில் வரவில்லை. அவள் எழுதியவற்றில் அன்றைக்கே ஏற்றுக்கொள்ளப்பட்ட கடிதங்கள் அந்தக் கன்ரீனில் எழுதியவை மட்டும்தான்.

இதையெல்லாம் விஜிதரனுக்குச் சொல்லியிருக்கிறாள். சொல்லாத ஒன்றும் இருந்தது.

முதல் இரண்டு கடிதங்களுக்கு அவள் நேரம் எடுத்தாள். மூன்றாவதில் வேகம் வந்தது. ஐந்தாவதிலிருந்து அவளுக்கு அது பிடித்துப்போனது. இவளுக்கு எந்தக் காரணம் பொருந்தும், அவளுக்கு எது, ஒன்றுபோல் மற்றது இல்லாமல் எப்படி என்று மனம் விறுவிறென்று ஓடியது. கஜனிக்குத் தாயின் சுகயீனம். தனுஷாவுக்குத் திருமணம். இன்னொருத்திக்குக் கணவனின் விபத்து. வேறொருத்திக்கு வயல் பார்க்க ஆளில்லை. எழுத்துகள் முத்து முத்தாக விழுந்தன. அந்த ஒரு மணித்தியாலம், அழுதுகொண்டு நின்ற பெண்களின் நடுவில் இருந்துகொண்டு, அவள் சந்தோசமாக இருந்தாள்.

அந்தச் சந்தோசத்தை அவளால் மன்னிக்க முடியவில்லை.

கடைசியில் தன்னுடைய தாள். அதற்குள் காரணங்கள் தீர்ந்துவிட்டன. கார்த்திகையில் திரும்பி வந்த சட்டைகள் ஞாபகத்துக்கு வந்தன. உடம்பு ஒரு நீலம், கொலர் ஒரு நீலம். லைன் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. பதினொரு பெட்டிகளும் அவளுடைய கையெழுத்தோடு போய், அவளுடைய கையெழுத்தோடு திரும்பி வந்தன. எட்டு லைன் இருக்க ஏழாம் லைனை ஏன் மூடினார்கள்? அவளுக்குத் தெரிந்த ஒரே விடை அதுதான். அதையே எழுதினாள். ‘எனது மேற்பார்வையில் ஏற்பட்ட குறைபாடுகள் காரணமாக.’

வீட்டுக்கு வந்த பிறகுதான் மற்றது தொடங்கியது. மாசி மாதம் கஜனியின் தாய் நாகேஸ்வரிக்குப் பாரிசவாதம் வந்து இடது கை விழுந்தது. அதற்கு அடுத்த கிழமை, கணவனுக்கு விபத்து என்று எழுதிக் கொடுத்தவளின் கணவன், மதகில் சைக்கிளோடு விழுந்து காலை முறித்துக்கொண்டான். ராஜினி அடுப்படியில் நின்று இதைக் கேட்டாள். ஊரில் சிலருக்குக் கரிநாக்கு என்பார்கள், சொன்னது பலிக்கும். கைக்கு அப்படி ஒன்று இருக்கக் கூடாதா?

படித்தவள்தான். இப்படி நினைப்பது பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பகல் நீளமாக இருந்தது. வேலைக்குப் போனவளுக்கு ஒரு நாளில் இவ்வளவு மணித்தியாலம் இருப்பதே தெரியாமல் இருந்தது. பிள்ளை பள்ளிக்கூடம் போக, விஜிதரன் வேலை தேடிப் போக, வீட்டில் அவளும் அந்த நினைப்பும் மட்டும். கஜனி வீடு இரண்டு ஒழுங்கை தள்ளித்தான். வருத்தக்காரியைப் போய்ப் பார்க்காமல் விட்டது ஊரில் பெரிய குறை. ஒவ்வொரு நாளும் போக நினைத்தாள். ஒவ்வொரு நாளும் தன் வீட்டுப் படலை வரைக்கும் போய்த் திரும்பினாள்.

பள்ளிக்கூடம் துவங்கிய திங்கட்கிழமை பின்நேரம் கஜனியும் தனுஷாவும் தாங்களே வந்துவிட்டார்கள்.

படலைச் சத்தம் கேட்டதும் ராஜினி பின்பக்கம் போய்க் கிணற்றடியில் நின்றுகொண்டாள். முன்னால் தனுஷாவின் குரல் கேட்டது. “அம்மா எங்கை குஞ்சு?”

“அம்மா கிணத்தடியில ஒளிச்சு நிக்கிறா” என்றாள் யதுர்ஷிகா, கூச்சமே இல்லாமல்.

கஜனி கடிதக் கோப்பு ஒன்றை மார்போடு அணைத்தபடி வந்தாள். இருபத்தேழு வயது. முகம் வற்றிப் போயிருந்தது. அவளுக்குப் பின்னால் தனுஷா, முப்பத்தொரு வயதின் முழுச் சத்தத்தோடு.

“என்ன ராஜினி அக்கா, கிணத்துக்குள்ள குதிக்கப் போறீங்களோ? தண்ணி முழங்காலளவுதான் கிடக்கு. இடுப்புத்தான் முறியும்.”

ராஜினியால் சிரிக்க முடியவில்லை. “இருங்கோ” என்றாள். உட்கார அங்கே உடுப்புத் துவைக்கிற கல் மட்டுமே இருந்தது.

“போன் எடுக்கிறியள் இல்லை” என்றாள் கஜனி. குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. “சட்டத்தரணி கடிதங்களின்ர போட்டோ கொப்பி எடுத்துத் தந்தவர். ‘சொந்த விருப்பத்தின் பேரில்’ எண்டு நாங்களே எழுதிக் குடுத்தபடியால் நட்டஈடு இல்லை எண்டு தொழிற்சாலைக்காரர் சொல்லினம். எல்லாம் ஒராளின்ர கையெழுத்து, ஒரே நாள், ஒரே இடம், சொல்லித்தான் எழுதினது எண்டு காட்ட வேணுமாம். அதுக்கு நீங்கள் வர வேணும்.”

“என்னாலை ஏலாது கஜனி.”

“ஏன்?”

ராஜினி துவைகல்லின் ஈரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லக் கூடாது என்று இரண்டு மாதம் பிடித்து வைத்திருந்தது, எப்படி என்று தெரியாமல் வெளியே வந்துவிட்டது.

“நான் எழுதினபடியால்தான் அம்மாவுக்கு அப்பிடி வந்தது.”

கஜனிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தனுஷாவைத் திரும்பிப் பார்த்தாள். தனுஷாதான் பேசினாள்.

“அப்ப எனக்கு?”

“என்ன உனக்கு?”

“எனக்குத் திருமணம் எண்டெல்லோ எழுதினீங்கள். மாப்பிளை எங்கை?” தனுஷா இடுப்பில் கையை வைத்தாள். “கஜனியின்ர அம்மாவுக்கு வருத்தம் வந்திட்டுது, அவளின்ர மனிசன் மதகுக்குள்ள விழுந்திட்டான், எல்லாம் உடன பலிக்குது. எனக்கு மட்டும் ரெண்டு மாசமா ஒருத்தனும் படலையைத் தட்டேல்லை. உங்கட பேனையில என்ன ஓரவஞ்சனை அக்கா? திகதியாவது போட்டிருக்கலாம்!”

கஜனி சிரித்துவிட்டாள். சிரித்தவள் கண்ணைத் துடைத்தாள். அவள் சிரித்து எத்தனை நாளோ என்று ராஜினி நினைத்தாள். தன்னுடைய உதடும் ஒரு பக்கம் இழுபட்டதை அவள் உணர்ந்தாள். அது சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

“இஞ்ச பாருங்கோ” என்று கஜனி கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினாள். “இதுதான் எனக்கு விளங்கேல்லை. எங்களுக்கெல்லாம் அம்மா, அப்பா, கலியாணம், வயல். உங்களுக்கு மட்டும் ஏன் இப்பிடி?”

அது ராஜினியின் கடிதம். போட்டோ கொப்பியில் எழுத்து இன்னும் கறுப்பாக, இன்னும் உறுதியாகத் தெரிந்தது. ‘எனது மேற்பார்வையில் ஏற்பட்ட குறைபாடுகள் காரணமாக.’

“உண்மைதானே. சட்டை திரும்பி வந்தது என்னாலைதானே. அதாலைதானே எங்கட லைன்...”

“அஞ்சாம் லைன் போன கிழமை மூடியாச்சு” என்றாள் தனுஷா. “மூண்டாம் லைனும் மூடியாச்சு. அஞ்சாம் லைன்ல ஒரு சட்டை திரும்பி வந்ததோ, ஒரு பொத்தான் திரும்பி வந்ததோ? அவையளுக்குத்தானே நல்ல லைன் எண்டு வருசக் கடைசியில கேக் வெட்டினது. கேக்கும் வெட்டி, லைனையும் வெட்டிப்போட்டாங்கள்.”

ராஜினிக்கு அது தெரியாது. கேள்விப்பட்டதும் ஆறுதல் வரவேண்டும் என்று இருவரும் அவளுடைய முகத்தைப் பார்த்தார்கள். ஆறுதல் வரவில்லை. ஏதோ பிடுங்கப்பட்டதுபோல் இருந்தது.

தன் பிழை என்று இருந்தவரைக்கும் அதற்கு ஒரு காரணம் இருந்தது. கார்த்திகை மாதத்து ஒரு பின்நேரத்துக்குத் திரும்பிப் போய், அந்த இரண்டு நீலங்களையும் வெயிலில் பிடித்துப் பார்த்து, இதை அனுப்ப வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். எத்தனை தடவை அப்படிப் போய் வந்திருக்கிறாள். தன் பிழை இல்லையென்றால், திரும்பிப் போவதற்கு இடமே இல்லை. எங்கேயோ ஒரு தேசத்தில் முகம் தெரியாத யாரோ இந்த வருசம் புதுச் சட்டை வேண்டாம் என்று நினைத்ததற்கும், கொழும்பில் யாரோ எதையோ பிழையாகக் கணக்குப் போட்டதற்கும், இங்கே ஓமந்தையில் காலை ஐந்தே முக்கால் பஸ் வராமல் போனதற்கும் நடுவில் அவள் என்ற ஒருத்தி எங்கேயும் இல்லை. குற்றம் பாரமாகத்தான் இருந்தது. ஆனால் பிடித்துக்கொள்ள அது ஒன்றாவது இருந்தது.

“வாங்கோ” என்று கஜனி அவளுடைய கையைப் பிடித்தாள். “அம்மாட்டை நீங்களே சொல்லுங்கோ. அவா உங்களை எத்தினை தரம் கேட்டிட்டா.”

நாகேஸ்வரி விறாந்தையில் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். இடது கை மடியில் வேறு யாருடையதோபோல் கிடந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலும் பேச்சு திரும்பியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்து, நாற்பது வருசம் வயலோடு கிடந்த உடம்பு.

“இப்பதான் வழி தெரிஞ்சதோ பிள்ளை?” என்றாள்.

ராஜினி கட்டிலின் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். கஜனிதான் சொன்னாள். “அம்மா, ராஜினி அக்கா கடிதத்தில எழுதினபடியால்தான் உங்களுக்கு வருத்தம் வந்ததெண்டு நினைச்சுக்கொண்டு இவ்வளவு நாளும் வரேல்லை.”

நாகேஸ்வரி மகளைப் பார்த்தாள். ராஜினியைப் பார்த்தாள்.

“எனக்கு ஏழு வருசமாப் பிரஷர். ஆஸ்பத்திரியில குளிசை இல்லை, வெளியில வாங்குங்கோ எண்டவை. நான் வாங்கேல்லை. இவளுக்கும் சொல்லேல்லை. இவள் என்னடாவெண்டால், தான் வேலையில நிண்டிருந்தால் குளிசை வாங்கியிருப்பன் எண்டு தலையணைக்குள்ள அழுகிறாள். கொழும்பில இருக்கிற மூத்தவன், தான் காசு அனுப்பாததாலை எண்டு போனில அழுகிறான். இப்ப நீ வந்து உன்ர பேனையாலை எண்டு நிக்கிறாய்.” வலது கையால் இடது கையைத் தூக்கி மறுபக்கம் வைத்தாள். “இருந்த நெல்லை விலையில்லாமல் குடுத்தன். வேற என்ன கிடக்கு என்னட்டை? என்ர வருத்தத்தையாவது எனக்கெண்டு விடுங்கோவன்.”

தனுஷா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள்.

“சரி, என்ன எழுதினனி? கொண்டா. வாசிச்சுக் காட்டு” என்றாள் நாகேஸ்வரி.

கஜனி தாளை எடுத்துக் கொடுத்தாள். ராஜினி வாசித்தாள். தன்னுடைய எழுத்தைத் தானே வாசிப்பது இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. ‘நீண்ட காலமாகச் சுகயீனமுற்றிருக்கும் எனது அன்புத் தாயாரை உடனிருந்து பராமரிக்க என்னைத் தவிர எவரும் இல்லாமையினால்...’

நாகேஸ்வரி கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்ததும் மெல்லத் தலையாட்டினாள்.

“வடிவாத்தான் எழுதியிருக்கிறாய். கேக்க எனக்கே என்னில பாவமாக் கிடக்கு.”

அதுதான் ராஜினியை உடைத்தது. யாருக்கும் சொல்லாததை, அந்த ஒரு மணித்தியாலச் சந்தோசத்தை, தலையைக் குனிந்தபடி சொன்னாள். சுற்றி நின்ற பிள்ளைகள் அழுதுகொண்டு நிற்கத் தான் வசனம் அழகாக விழுந்ததற்குச் சந்தோசப்பட்டதைச் சொன்னாள். கஜனியும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தே சொன்னாள்.

கஜனியின் முகம் ஒரு கணம் இறுகியது. அவளுக்கு அது வலித்திருக்க வேண்டும். பிறகு அவள் குனிந்து கோப்பிலிருந்த தாள்களை ஒழுங்காக அடுக்கத் தொடங்கினாள்.

“அரசாங்கம் உரத்தை நிப்பாட்டின வருசம் நான் பாடிக்கொண்டுதான் விதைச்சனான்” என்றாள் நாகேஸ்வரி. “வயல் முழுக்கச் சிவந்து செத்துப்போச்சுது. பாடினதாலையெண்டு சொல்லுவியே?” மகளின் பக்கம் திரும்பினாள். “கஜனி, தேத்தண்ணி வை. சீனி இல்லாட்டில் அந்தப் பிள்ளைக்குப் பனங்கட்டி குடு.”

புதன்கிழமை வவுனியா பஸ்ஸில் அவர்கள் பதினேழு பேர் போனார்கள். தொழிற்சாலை பஸ்ஸில் அவரவர் இருக்கையென்று ஒன்று இருந்தது. யாரும் நினைக்காமலே அதே ஒழுங்கில் போய் இருந்தார்கள்.

தொழில் அலுவலகத்தில் மேல்மாடி அறை. மின்விசிறி சத்தம் போட்டது. நீளமேசைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட விசாரணை அதிகாரி, ஐம்பது வயதுப் பெண். ஒரு பக்கத்தில் நிர்வாகத்தின் சார்பில் வந்த இளைஞன். அவன் சொன்னது மிகச் சுருக்கம்: யாரும் கட்டாயப்படுத்தவில்லை, காரணங்களை அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

“ராஜினி விஜிதரன்” என்று கூப்பிட்டார்கள்.

அவள் எழும்பிப் போய்க் கதிரையில் இருந்தாள். கன்ரீனில் நடந்ததைச் சொன்னாள். பலகையில் எழுதிய வசனத்தைச் சொன்னாள். ஒரே காரணம் கூடாது என்று சொன்னதைச் சொன்னாள். அதிகாரி குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தாள்.

“இந்த இருபத்திரண்டு கடிதத்திலயும் இருக்கிற காரணங்கள்?”

“எல்லாம் நான் யோசிச்சு எழுதினது. ஒண்டும் உண்மையில்லை.” கொஞ்சம் நிறுத்தினாள். “அண்டைக்கு உண்மையில்லை.”

அதிகாரி கடித அடுக்கிலிருந்து கடைசித் தாளை எடுத்தாள். கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படித்தாள்.

“இது உங்கட கடிதம். உங்கட மேற்பார்வையில குறைபாடு எண்டு எழுதியிருக்கிறீங்கள். இது உண்மையா?”

நிர்வாகத்து இளைஞன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பின்னால் பதினாறு பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். ராஜினிக்குப் பழைய விடைதான் முதலில் நாக்குக்கு வந்தது. ஓம். அது எவ்வளவு இலகுவான சொல். இரண்டு மாதம் ஒவ்வொரு நாளும் சொல்லிப் பழகிய சொல்.

“சட்டையில ரெண்டு நிறம் இருந்தது உண்மை” என்றாள். “நான் அதைக் கவனிக்கேல்லை. அது என்ர பிழை. அதை நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் வேலை போனதுக்கு அது காரணமில்லை. பிழை விடாத லைனையும் மூடியிருக்கினம்.”

“அப்ப என்ன காரணம்?”

எத்தனை காரணம் அவளுடைய கையிலிருந்து வந்திருக்கிறது. ஒன்றுகூட இப்போது வரவில்லை. வரவேண்டும் என்றும் தோன்றவில்லை.

“காரணம் எனக்குத் தெரியாது மிஸ். அதை அவையள்தான் எழுதித் தந்திருக்க வேணும்.”

பின்னால் யாரோ இருமினார்கள். அது தனுஷாதான், அவள் சிரிப்பை இருமலாக்குவது லைனில் எல்லாருக்கும் தெரியும். இளைஞன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினாள்.

“கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேணும்.” ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் மேசைக்கு மேலால் தள்ளினாள். “ரெண்டு மூண்டு வரி எழுதுங்கோ. நீங்கள் வழமையா எழுதிற மாதிரி.”

“என்ன எழுத மிஸ்?”

“என்னவும் எழுதலாம்.”

பேனை நீலப் பேனை. உள்ளங்கை வியர்த்தது. ராஜினி அதைச் சேலையில் துடைத்தாள். தாளில் வலதுபக்க மூலையில் திகதி போடக் கை தானாகப் போனது. கடிதங்களுக்கு அப்படித்தான் தொடங்குவது. அவள் கையை அங்கிருந்து எடுத்தாள். தாளின் நடுவுக்குக் கொண்டுவந்து, ஒரு கொப்பியின் உறைக்கு எழுதுவதுபோலப் பெரிதாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

வி. யதுர்ஷிகா
தரம் 4
தமிழ்

முடித்துவிட்டுப் பார்த்தாள். வரி நேராக இருந்தது. ழகரத்தின் வால் எப்போதும்போல் நீளமாகக் கீழே இறங்கியிருந்தது.

அதிகாரி தாளை எடுத்துக் கடிதங்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். அங்கும் இங்கும் பார்த்தாள். “மகளோ?” என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

“ஓம். இன்னும் எட்டுக் கொப்பி கிடக்கு” என்றாள் ராஜினி.